கலங்கிய நீரின் ஓவியம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளை அப்பகுதி மாணவர் நாள்தோறும் காண்கின்றனர். அவற்றுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியின் அடித்தரையைக் கண்டவரோ அவர்களுள் அரியர். ஒடிசாவின் சிலிக்காவை அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்கே திரும்புகின்றன.

கண்ணுக்கு எட்டாத இத்தகைய உலகை வகுப்பறைக்குக் கொண்டுவர இன்று மெய்நிகர் விளையாட்டுகள் துணைநிற்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வகம் 2016இல் கடல்நீர் அமிலமாதலை விளக்கும் மெய்நிகர் ஆக்கமொன்றை வெளியிட்டது. கருவியைத் தலையில் அணிந்த மாணவர் இத்தாலியின் இஸ்கியா தீவருகே கடலடியில் நிற்பதாக உணர்கிறார். கரியமில வாயு குமிழியிடும் இடத்தில் உயிரினங்கள் அருகிப்போவதைத் தாமே காண்கிறார்.

நூலில் உள்ள படத்திற்கு ஓரம் உண்டு. அது படமே என்பதைக் குழந்தை அறியும். மெய்நிகர் உலகிற்கு ஓரம் இல்லை. திரும்பிய திசையெல்லாம் கடலே. ஆகவே அங்கு வரையப்படுவது ‘பார்த்தது’ என்றே மனத்தில் பதிகிறது. ஓவியரின் பொறுப்பு பெருகுவது இதனால்தான்.

கடலுயிரை உள்ளபடி வரைவது என்றுமே எளிதாக இருந்ததில்லை. தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் சமயத்தொண்டர், இக்கரையின் மீன்களைப் பெர்லினில் இருந்த அறிஞர் பிளாக்குக்கு அனுப்பினார். 1793இல் பிளாக், கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்திற்கு ‘ஜானியஸ்’ எனப் பெயரிட்டார். இறந்த மீனின் நிறம் மங்கும். அதன் ஒலியும் அடங்கும். கத்தாழையோ உயிரோடு இருக்கையில் தன் காற்றுப்பையை அதிரச்செய்து ஒலியெழுப்பும் மீன். அன்றைய ஏட்டுப் படம் தரவியலாத அவ்வொலியை இன்றைய விளையாட்டு தரவியலும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். தெளிந்த கடலிலேயே ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்திற்குள் சிவப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆழத்தில் செந்நிறம் ஒளிரும் மீனை வரைவது அழகாகலாம், உண்மையாகாது. பழவேற்காட்டின் நிலை இன்னும் வேறு. அதன் பெரும்பகுதி ஆழமற்றது. ஆறுகள் கொணரும் வண்டலால் கலங்கியது. இதனை வரைய முற்படும் ஓவியருக்கு, நீரை நீலமாக்கிப் பவளப்பாறை ஒன்றை நட்டுவிடும் ஆசை எழுதல் இயல்பே.

அவ்வாசைக்கு இணங்கினால் நேரும் இழப்பு சிறிதன்று. நீலமே கடல் என நம்பிய குழந்தை, தன் ஊரின் பழுப்பு நீரைக் கண்டு ‘இது செத்த நீர்’ என எண்ணக்கூடும். செத்தது எனக் கருதப்படும் நீரில் எதைக் கொட்டினாலும் கேட்பார் இரார். வண்டலின் கலங்கல் வேறு. கழிவின் கலங்கல் வேறு. முன்னது உயிர்களுக்கு உணவும் மறைவிடமும் ஆவது. பின்னது அவற்றை அழிப்பது. ஆலைகளுக்கும் ஏரிக்கும் இடையே வளரும் தலைமுறைக்கு இவ்வேறுபாட்டை அறிவதினும் இன்றியமையாத கடற்பாடம் உண்டோ?

கலங்கிய நீரைக் காட்டுவது எங்ஙனம்? அதற்கு விடை ஏரியிலேயே உள்ளது. இருளர் மக்கள் ‘பறி’ என்னும் கூடையைப் பல்லில் கவ்வியவாறு நீரில் அமர்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர். கண் காணாததை அவர்தம் விரல்கள் காண்கின்றன. ஓவியர் அவ்விரல்களைப் பின்தொடரட்டும். பழுப்புத் திரையினூடே நீளும் கை. அது தொட்ட இடத்தில் மட்டும் துலங்கும் இறாலின் மீசை. விலகி ஓடும் நண்டு. மீண்டும் மூடும் வண்டல். அக்காட்சியில் அழகும் குறையாது, உண்மையும் குறையாது.

கருவியைக் கழற்றிய குழந்தை, மறுநாள் ஏரிக்கரையில் நின்று அதே பழுப்பு நீரை நோக்கும். அதனுள் யாரோ வாழ்கிறார்கள் என்னும் நினைவு அப்போது எழுமாயின், அவ்வோவியம் தன் பணியைச் செய்ததாகும்.