சுவருக்கு இந்தப் பக்கம்

சினிமாவில் கன்னத்தில் விழும் அடிக்கென்று ஒரு சத்தம் இருக்கிறது. சொடுக்கினாற்போல் மேலே கிளம்பி வெடிக்கும். எஃபெக்ட்ஸ் லைப்ரரியில் தேடினால் வரிசைகட்டி வந்து நிற்கும். ஈரத்துணியை மேசைமேல் அடித்து, தோல் பையைக் கையால் விளாசி, இரண்டையும் கலந்து செய்தவை. நிஜத்தில் ஒருவர் இன்னொருவரை அடிப்பது அவ்வளவு எடுப்பாகக் கேட்காது. சப்பென்று, குட்டையாக ஒன்று, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வருவதுதான் காதில் தங்கும். வளையல் சுவரில் உரசுவது. எவர்சில்வர் டம்ளர் உருண்டுபோய் மூலையில் சுழன்று அடங்குவது. இழுத்த மூச்சை யாரோ வெளியே விடாமல் வைத்திருப்பது.

சின்ன பட்ஜெட் படங்களுக்கு ஒலி வேலை பார்க்கிறவன் நான். ஸ்பாட்டில் பூம் மைக் பிடித்ததும் உண்டு. இப்போது பெரும்பாலும் எடிட் முடிந்து வரும் படத்தை இருட்டறையில் உட்கார்ந்து காதால் மறுபடி கட்டுகிற வேலை. வருகிற படங்களில் பல குடும்பக் கதைகள். ஒரு வீடு, நாலு பேர், குடித்துவிட்டோ குடிக்காமலோ அடிக்கிற ஒரு அப்பா. ஏன் இத்தனை பேர் இதையே எடுக்கிறார்கள் என்று கேட்டால் யதார்த்தம், வலி என்று இயக்குநர்கள் ஏதேதோ சொல்வார்கள். நண்பன் வீடு வாடகையில்லாமல் கிடைக்கும் என்பது முதல் காரணம்.

தொழில் கற்றது சீரியலில். அங்கே ஒரு அடி மூன்று அடியாக விழும்: மூன்று கோணம், மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடி. பிறகு கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாக ஒரு ‘டங்’. நான் கேலி செய்யவில்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்கிறவர்களுக்கான ஒலி அது, திரும்பிப் பார்க்கவைப்பதே அதன் வேலை. எனக்கு இருந்த வருத்தம் வேறு. சீரியல் வீட்டில் கொடுமைக்காரர் மாமியார், இல்லாவிட்டால் நாத்தனார், அதுவும் இல்லாவிட்டால் ஓரகத்தி. அப்பாக்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். உடன்பிறந்த பாசம் என்றால் சீர்வரிசை, கண்ணீர், பின்னணியில் ஒரு பாட்டு. ‘பாசமலர்’ வந்தது 1961இல். அந்த ஈரம் இன்னும் எங்கள் தொழிலில் காயவில்லை.

சின்னப் படத்துக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. ஸ்டண்ட் மாஸ்டருக்குப் பணம் இல்லை. காயம் போடுகிற மேக்கப்காரர் ஒரு நாள்தான் வருவார். ஒரே காட்சியை நாலு கோணத்தில் எடுக்க நேரமும் இல்லை. அதனால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். உள்ளே அடி, வெளியே பிள்ளைகள், கேமராவும் பிள்ளைகளோடு வெளியே. கையில் காசில்லாததால் எடுத்த முடிவுதான், ஆனால் உண்மை அதற்குள் வந்து மாட்டிக்கொள்கிறது. இப்படிப்பட்ட வீடுகளில் அண்ணன் தங்கைகள் அதிகமும் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். மைக்கை யாருடைய காதில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது சண்டைக்காட்சியா குடும்பமா என்பது முடிவாகும். அடிக்கிறவர் பக்கத்தில் வைத்தால் சண்டைக்காட்சி.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரலைச் செய்யச் சுலபமான வழி உண்டு. டப்பிங் டிராக்கில் மேல் அலைவரிசைகளை வெட்டினால் ‘பக்கத்து ரூம்’ வந்துவிடும். வரும், ஆனால் பொய் தெரியும். நான் அந்த டிராக்கை ஒரு ஸ்பீக்கரில் போட்டு, நிஜமாகவே அடுத்த அறையில் வைத்து, கதவைச் சாத்தி, இந்தப் பக்கம் கட்டில் உயரத்தில் மைக்கை வைத்துத் திரும்பப் பிடிப்பேன். புதிய வித்தை ஒன்றுமில்லை. 1973இல் வந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தின் பாட்டுகளை வால்டர் மர்ச் இப்படித்தான் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தார். இப்படிப் பிடித்தால் வார்த்தைகள் கரைந்துபோய்க் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். நடுவில் ஏதோ ஒரு வார்த்தை மட்டும் கதவிடுக்கு வழியாக முழுசாக வந்து விழும். அது பிள்ளைகளில் ஒருவரின் பெயராக இருக்கும்படி இயக்குநரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். தன் பெயர் அடிபடும் சண்டையைப் பிள்ளை கேட்கும் விதமே வேறு. பக்கத்தில் படுத்திருக்கும் அக்கா அதைக் கேட்கும் விதம் அதைவிட வேறு.

இந்த வகையில் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிற படம், பிரெஞ்சு இயக்குநர் சேவியே லெக்ரானின் ‘கஸ்டடி’. அவருடைய முதல் முழுநீளப் படம். 2017இல் வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் வாங்கியது. அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள். பையன் ஜூலியன் வாரக்கடைசியில் அப்பாவோடு போகவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிடுகிறது. அக்கா ஜோசபின் பெரியவள், அவள் போகவேண்டாம். சட்டம் அக்காவை விட்டுவிடுகிறது, தம்பி மாட்டிக்கொள்கிறான். படத்தில் பின்னணி இசை கிடையாது. அப்பாவின் வண்டிக்குள் ஜூலியன் உட்கார்ந்திருக்கும் காட்சிகளில் சீட் பெல்ட் எச்சரிக்கை ‘பீப், பீப்’ என்று அடித்துக்கொண்டிருக்கும், இண்டிகேட்டர் டிக்டிக்கென்று ஓடும். ஒரு இசையமைப்பாளர் செய்யவேண்டியதை வண்டியே செய்துவிடுகிறது.

ஜோசபினின் பிறந்தநாள் விருந்துக் காட்சியை இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டுவேன். மண்டபத்தில் காது கிழிகிற சத்தம். அவள் மேடையில் பாடிக்கொண்டிருக்கிறாள். அப்பா வெளியே வந்திருக்கிறார் என்று கீழே வீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், எழுந்து போகிறார்கள், வருகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நமக்கு ஒரு வார்த்தை கேட்காது. மிக்ஸிங்கில் உட்கார்ந்த எவனுக்கும் அந்த இடத்தில் வசனத்தை ஏற்றக் கை துறுதுறுக்கும். அவர்கள் ஏற்றவில்லை. அக்கா பாட்டை விடவும் முடியாமல், தன் வீட்டு முகங்களைக் கூட்டத்தில் தேடிக்கொண்டே பாடுகிறாள். நாமும் அவளோடு மேடையில் மாட்டிக்கொண்டோம். அன்றிரவு வீட்டில் காலிங்பெல் விடாமல் அடித்து நிற்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு லிஃப்ட் மேலே ஏறும் சத்தம். திரையில் படுக்கையும் இரண்டு முகங்களும் மட்டும்தான். அந்த லிஃப்ட்டைவிடப் பயங்கரமான எதையும் நான் ஐம்பது கோடி ரூபாய்ப் படங்களில் கேட்டதில்லை.

நம் ஊரில் அந்த லிஃப்ட்டின் இடத்தில் பைக் இருக்கிறது. இதற்காக மட்டும் தயாரிப்பாளரோடு சண்டைக்குப் போவேன். லைப்ரரியில் இருக்கும் ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் போதாது. இந்த அப்பாவின் வண்டி வேண்டும். தெருமுனையில் கியரைக் குறைப்பது, கேட் முன்னால் ஒருமுறை ஆக்ஸிலேட்டரைத் திருகுவது, சைடு ஸ்டாண்டைத் தட்டுவது. ஸ்டாண்டு ஒரே தட்டில் இறங்குகிறதா, கால் தடுமாறி இரண்டு மூன்று தட்டு விழுகிறதா என்பதிலேயே இன்றைய இரவு எப்படிப் போகும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அக்கா டிவியை அணைக்கிறாள், தம்பி வாசலில் கிடக்கும் செருப்புகளை ஓரமாகத் தள்ளுகிறான். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. பாசத்தைக் காட்டச் சொல்லி ஒரு காட்சி கேட்டால் நான் இதைத்தான் கொடுப்பேன். வசனகர்த்தா இங்கே எழுதாமல் இருந்தால் கோடி புண்ணியம்.

விக்ரமாதித்ய மோத்வானேயின் ‘உடான்’ (2010) அந்தப் பொறுமை தெரிந்த படம். ஜாம்ஷெட்பூரில் ‘சார்’ என்று கூப்பிடவேண்டிய ஒரு அப்பா. பள்ளியிலிருந்து துரத்தப்பட்டு வீடு திரும்பும் ரோஹனுக்கு, வேறு தாய்க்குப் பிறந்த ஆறு வயதுத் தம்பி இருப்பதே வந்தபிறகுதான் தெரியும். முதலில் அவனைப் பிடிக்கவும் பிடிக்காது. அந்தச் சின்னவனை அப்பா அடிப்பதை நாம் பார்ப்பதில்லை. மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்கிறார். முதுகில் இருக்கும் தடத்தை அண்ணன் பார்க்கும்போதுதான் நாமும் பார்க்கிறோம். ரத்த பந்தம் தானாக வந்துவிடாது, ஒரே ஆளிடம் அடி வாங்குகிறவர்களுக்குள் மெல்ல ஊறும் என்று சொன்ன இந்தியப் படம் எனக்குத் தெரிந்து அதுதான்.

கிசுகிசுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். போர்வைக்குள் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொள்வதை டப்பிங்கில் கொண்டுவரவே முடியாது. டப்பிங்கில் ஒருவர் இன்று பேசுவார், மற்றவர் நாளைக்கு. ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்குவார். உடன்பிறந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். “பல்பை யார் உடைச்சதுன்னு கேட்டா...” “நான்தான்னு சொல்லு.” “போன தடவையும் நீதான...” “சொல்லுடா.” நாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழவேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே மைக், ஃபேன் நிறுத்தம், ஜன்னல் சாத்தல், மே மாதமாக இருந்தால் யூனிட் முழுக்க வியர்வை. ஒருவனுக்காக மற்றவன் பொய் சொல்ல முன்வரும் அந்த நேரத்தை லைவ் சவுண்டில் பிடிக்காவிட்டால் அந்தக் காட்சியையே தூக்கிவிடலாம்.

குழந்தைகளை வைத்து இதையெல்லாம் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. 2017இல் வந்த விதிகளின்படி குழந்தை நடிகர்களை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளையில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. அப்பாவாக நடிப்பவர் கத்துவதைக் குழந்தை கேட்கலாமா என்பது அந்த விதியில் இல்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை என்பது என் கட்சி. உதவி இயக்குநர் ஒரு பலகையைத் தட்டுவார், பிள்ளை திரும்பிப் பார்க்கும், குரலை நான் பிறகு வைத்துக்கொள்வேன். ஜப்பானின் கொரியேடா ‘நோபடி நோஸ்’ படத்தில் (2004) பிள்ளைகளுக்குத் திரைக்கதையே கொடுக்காமல் அந்தந்த நேரத்தில் வசனத்தைச் சொல்லிச் சொல்லி எடுத்தார். அண்ணனாக நடித்த யூயா யாகிராவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருதே கிடைத்தது. 1988இல் டோக்கியோவில் தாய் விட்டுப்போன பிள்ளைகளின் உண்மைக் கதையிலிருந்து பிறந்த படம் அது. அதில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளைகள் சத்தம் போடாமல் உள்ளேயே இருக்கவேண்டும் என்பதுதான் தாய் போட்ட சட்டம். கடைசித் தங்கையின் பிறந்தநாளன்று அண்ணன் அவளை வெளியே கூட்டிப்போகிறான். நடந்தால் ‘கீச் கீச்’சென்று கத்துகிற செருப்பு அவள் காலில். ஊமையாக இருக்கப் பழகிய வீட்டிலிருந்து வந்த பிள்ளை தெருவெல்லாம் கீச்சிட்டு நடக்கிறாள், அண்ணன் தடுக்கவில்லை. ஒலியாலேயே எழுதிய பாசம். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

தமிழில் பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. புருஷன் வீட்டில் துரத்தப்பட்ட தன் உடன்பிறந்தவள், குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே பிறந்தவீடு வந்ததிலிருந்து கிளம்பிய கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். படத்தில் அந்த வெயிலில் நடப்பது அவள் இல்லை, அடிக்கிற புருஷனும் அவன் மகனும். உடன்பிறந்தவன் ஒருவன் சினிமாவில் வாங்கக்கூடிய பழி என்று அதை நான் வாசிக்கிறேன். பையன் தாகத்துக்கு வாயில் போட்ட கூழாங்கல்லைக் கடைசியில் வீட்டில் ஒரு குவியலோடு சேர்க்கிறான். எத்தனை முறை இந்த நடை நடந்திருக்கிறது என்று சொல்ல ஃபிளாஷ்பேக் தேவைப்படவில்லை.

அவருடைய அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ (2024) இதன் மறுபக்கம். நம் வீடுகளில் உடன்பிறந்தவர்கள் எப்போதும் அடிபடுகிறவர் பக்கம் நிற்பார்கள் என்று யார் சொன்னது? பெண் யாரையோ விரும்புகிறாள் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு முன்னால் கை ஓங்குவது பல நேரம் அண்ணன்தான், அதுவும் பாசத்தின் பெயரால். இந்தப் படத்தில், காதலில் விழுந்த மீனாவைச் சாமியாரிடம் கூட்டிப்போகும் ஊர்வலத்தில் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்தே ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிபெருக்கிப் பாட்டை மீனா முணுமுணுத்தாள் என்பதற்காக அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் மாமன் பாண்டி வெறிபிடித்து அடிக்கும்போது, தடுக்கவந்த அவர்களுக்கும் அடி விழுகிறது. இசையே இல்லாத படம். பாண்டி தொண்டை கட்டிப்போய், சுண்ணாம்பு தடவிய கழுத்தோடு கரகரவென்று பேசுவான். அதிகாரம் பண்ணுகிறவனுக்குக் குரல் வரவில்லை, குரல் இருக்கிறவள் பேச மறுக்கிறாள். ஒலிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கெட்டுப்போகும் படங்கள் பெரும்பாலும் கடைசி இருபது நிமிடத்தில் கெட்டுப்போகின்றன. அதுவரை கதவுக்கு வெளியே நின்ற படம், ஆர்.ஆர். என்கிற பின்னணி இசை போடும்போது பயந்துவிடும். அப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், ஒரு புல்லாங்குழல், “உங்களுக்காகத்தாண்டா...” என்று ஒரு வசனம். அண்ணனும் தங்கையும் கட்டிலின் இரண்டு பக்கமும் அழுவார்கள். நான் வயலினைக் கீழே இறக்கிப் பார்ப்பேன், இயக்குநர் ஏற்றச் சொல்வார். சென்சாரும் தன் பங்குக்கு வரும். அடியை விட்டுவிட்டு, அப்பா மகளைச் சொல்லும் வார்த்தையை மியூட் பண்ணச் சொல்வார்கள். வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்பாட்டில் பிடித்த ரூம் டோனை, அதாவது யாரும் பேசாத அறையின் சத்தத்தை, அந்த இடத்தில் ஓடவிடுவேன். மொத்த டிராக்கும் செத்துப்போனால் பார்க்கிறவர்கள் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார்கள், ஃபேன் சத்தம் மட்டும் தொடர்ந்தால் வார்த்தை என்னவென்று அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

இந்தப் படங்களுக்குத் தியேட்டர் கிடைப்பது சில நாள், அதுவும் காலைக் காட்சி. மற்றபடி ஓடிடி, அதுவும் போனில். போன் ஸ்பீக்கரில் கீழ் அலைவரிசைகள் வராது, சுவர் தாண்டி வரும் குரலோ முழுக்க அங்கேதான் இருக்கிறது. அதனால் போனுக்கென்று இன்னொரு மிக்ஸ் செய்து, அப்பா குரலின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறேன். போன படத்துக்குத் தயாரிப்பாளர் ராத்திரி கூப்பிட்டார். “அந்த ரூமுக்குள்ள நடக்கிறது எனக்கு ஒன்னுமே கேக்கல தம்பி. ஒரே ஒரு அறை மட்டும் நல்லா சத்தமா போட்டுக் குடுங்களேன்.” குரலை வேண்டுமானால் இன்னும் ஏற்றித் தருகிறேன், அறையை மட்டும் கேட்காதீர்கள் சார் என்றேன். யோசித்துவிட்டு, “அப்ப டிரெய்லர்ல மட்டும்” என்றார். டிரெய்லரில் போட்டோம். மூன்று முறை.