பெயர் எழுதாத கொப்பிகள்

2016 மே மாதம் களனி கங்கை கரை மீறியபோது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகள் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளவத்தையில் எங்களுக்கு மழை மட்டும்தான். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம். ஆனாலும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பேத்திக்கு அது வேறொரு நாடு போலத் தெரிந்தது.

எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து, கதவு கதவாகத் தட்டி அரிசி, பருப்பு, சவர்க்காரம், உடுப்பு என்று சேர்த்தார்கள். வந்த உடுப்பில் பாதி கிழிசல். ஒரு சேர்ட்டைத் தூக்கிக் காட்டி, "இதை நீ போடுவியா?" என்று ஒரு பையனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். பிறகு தானாகவே பையைக் கொட்டி, நல்லதை வேறு, கிழிந்ததை வேறாகப் பிரிக்கத் தொடங்கினான்.

பேத்தியின் பொறுப்பு கொப்பிகள். எல்லாம் புதிது. தவணை தொடங்கும்போது தன் கொப்பிக்கு எப்படி மூலை மடித்து பிரவுண் பேப்பர் உறை போடுவாளோ, அப்படியே ஒவ்வொன்றுக்கும் போட்டாள். லேபலும் ஒட்டினாள். பெயர் எழுதும் கோட்டை மட்டும் வெறுமையாக விட்டாள். "அந்தப் பிள்ளை தன்ரை பேரை எழுதட்டும், அப்பப்பா" என்றாள். கொடுக்கிற இடத்தில் படம் எடுக்கக்கூடாது என்று பெரியவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வாங்குகிற பிள்ளைக்கும் ஒரு வகுப்பறை இருக்கிறது, அங்கே அதற்கும் கூட்டாளிகள் இருக்கிறார்கள்.

இவளுடைய தகப்பனை நான் இப்படி வளர்க்கவில்லை. என் அம்மா ஊரில் உலை வைக்கமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவா. வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி தவறாது. சில நாள் என் கையாலேயே போடச் சொல்லுவா. அப்படிப்பட்டவவின் பிள்ளை நான் செய்த பிழை இது: முப்பது வருடத்துக்கு முன் மகன் ஒரு தர்மகாரியத்துக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து காசு சேர்க்கும் தாள் கொண்டுவந்தான். எனக்கு நேரமில்லை. அயலவர்களின் பெயர்களை நானே கிறுக்கி, காசையும் நானே வைத்து, ஒரே இரவில் தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் கூடச் சேர்த்தவன் என்று அவனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அன்று இரவு அவன் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது: "அப்பா, நான் ஒண்டுமே செய்யேல்லையே?"

ஈகை உடம்பிலும் கொஞ்சம் நோகவேண்டும் என்று நினைக்கிறேன். 2011இல் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர், 27 நாள் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழவேண்டும் என்பதற்காக. யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தெற்கிலிருந்து வடக்கே, கால் கொப்பளிக்க நடந்து வந்த காசு அது. 2016இல் காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள்.

அதே 2016இல்தான் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபாய் சேர்க்கப் புறப்பட்டார் எம். எஸ். எச். முஹம்மத். தன் மகன் ஹுமைதைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தகப்பன். செய்தியைப் பார்த்துவிட்டு, "அந்த மெசின் என்ன செய்யும்?" என்று பேத்தி கேட்டாள். சிறிதளவு கதிரியக்கம் சேர்ந்த சர்க்கரையை நோயாளியின் இரத்த நாளத்தில் ஏற்றுவார்கள், புற்றுக்கலங்கள் சர்க்கரையை அவதி அவதியாக உறிஞ்சும், அதனால் அவை ஒளிந்திருக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும் என்றேன். கேட்டுவிட்டு எழும்பிப் போனாள். சைக்கிள் வாங்கச் சேர்த்த மண் உண்டியலோடு திரும்பி வந்தாள்.

பேப்பரை விரித்து உடைத்தோம். பத்து ரூபாய்க் குத்திகளைப் பத்துப் பத்தாக அடுக்கினாள். ஐந்தும் இரண்டும் தனித்தனிக் கோபுரம். இரண்டு தரம் எண்ணினாள். 1,340 ரூபாய்.

என் கை மணிபேர்சுக்குப் போனது உண்மை. 1,500 ஆக்கினால் கணக்கு வடிவாயிருக்குமே என்ற எண்ணம். நூற்றியறுபது ரூபாய் எனக்குப் பெரிய காசும் அல்ல. ஆனால் அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் அவளே குத்திகளை வங்கி மேசையில் வைத்தாள். அங்கிருந்த பிள்ளை முகம் கோணாமல் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தா. முஹம்மத் தேடிய தொகையும் இப்படிப் பெரிதும் சிறிதுமாக வந்து சேர்ந்தது.

இரவு மகன் வேலையால் வந்ததும் பேத்தி வைப்புச் சீட்டை நீட்டினாள். அவன் தொகையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்கள் ஒண்டும் போடேல்லையா, அப்பா?"

"இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு சீட்டை மடிக்காமல் மகளின் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.