கணக்கு மாறும்போது எதைச் சுமப்பது

வீட்டுக் கணக்கு மென்பொருளை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது எது நல்லது என்றுதான். பழையதிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போவது என்ற கேள்வி பிறகு வரும், சில வீடுகளில் வராமலே போகும். எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. மாற்றம் எப்படியும் ஒருநாள் வந்தே தீரும். மைக்ரோசொப்ட் தனது ‘மணி’யின் விற்பனையை 2009இல் நிறுத்தியது. ‘வைநாப்’ 2015 முடிவோடு வீட்டுக் கணினிப் பதிப்பை விற்பதை விட்டுச் சந்தா முறைக்குப் போனது. அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் நம்பியிருந்த ‘மின்ட்’ 2024இல் மூடப்பட்டது. ‘மணி’யின் கடைசி இலவசப் பதிப்பு இன்றும் பல கணினிகளில் ஓடத்தான் செய்கிறது. ஓடுகிறதே, பிறகேன் மாற்றுவது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் கணினி பழுதானால் கைவிடப்பட்ட ஒரு மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கும் கோப்பை எதைக் கொண்டு திறப்பது என்பதை இன்றைக்கே யோசித்து வைப்பது நல்லது.

கணக்கைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவது இலங்கையின் மலைநாட்டுக்குப் புதிதல்ல. தோட்டம் மாறும் தொழிலாளியோடு ‘துண்டு’ என்ற கடதாசியும் சேர்ந்தே மாறிய காலம் ஒன்று இருந்தது. இந்தக் கங்காணிக்கும் அவனுடைய ஆட்களுக்கும் இத்தனை ரூபாய் கடன், அதைக் கட்டும் தோட்டத்துக்கு இவர்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைமாறும். 1921இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். கணக்கு எழுதுகிறவரின் கண்ணில் பட வேண்டியது அந்தக் கடதாசியின் அமைப்பு. அதில் இருந்தது மொத்தத் தொகை. அரிசிக்கு எவ்வளவு, கம்பளிக்கு எவ்வளவு, எந்த மாதத்தில் எவ்வளவு கழிந்தது என்று கடன்பட்டவன் விரல் வைத்துக் கேட்க அதில் ஒன்றும் இல்லை. கேள்வி கேட்க முடியாத மொத்தத் தொகை எப்போதும் எழுதுகிறவனுக்கே வசதி.

கணினியில் கணக்கு மாற்றுகிறவர்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான புத்திமதியும் ஏறக்குறைய இதுதான்: ஒரு திகதியைக் குறித்துக்கொள், அன்றைய இருப்பை மட்டும் புதியதில் தொடக்க இருப்பாக எழுது, பழையதை மூடு. கையிருப்புக்கும் வங்கிச் சேமிப்புக்கும் இது முழுக்கச் சரி. வங்கிப் புத்தகத்தில் 18,400 என்றால் 18,400தான், அது எப்படிச் சேர்ந்தது என்று வங்கியும் கேட்காது, நாமும் கேட்க வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கலுக்கு இது பொருந்தாது என்பதே என் வாதம். கடனையும், வர வேண்டியதையும், தவணையையும் வரி வரியாகக் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டுச் செலவின் பத்து வருட விபரத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். பெரும்பாலானோர் செய்வது இதற்கு நேர்மாறு. தேங்காய் வாங்கியதை எல்லாம் இறக்குமதி செய்ய மூன்று இரவு மினக்கெடுகிறார்கள், கடைக்கடனை ஒரே தொகையாக எழுதிவிடுகிறார்கள்.

மலைநாட்டில் கந்தப்பளைப் பக்கத்து வீடுகளில் பணம் நடமாடும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். இருபது பேர், அதாவது இருபது நாள் வேலை, விழுந்த மாதத்துக்கு 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, அதாவது 2,160 போகிறது. தீபாவளி முற்பணத்தின் தவணை 2,500 என்றும், சங்கச் சந்தா, கோயில் பணம், தேயிலைத் தூள் எல்லாம் சேர்த்து 840 என்றும் வைத்துக்கொண்டால் கையில் வருவது 21,500. சாதாரணப் போன் செயலி ‘வருமானம் 21,500’ என்று எழுதி முடித்துவிடும். ஆனால் இந்த வீடு உழைத்தது 27,000. அதில் 2,160 வீட்டின் சேமிப்பாகவே வேறிடத்தில் இருக்கிறது. அதோடு தோட்டம் தன் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டு, 3,240 ரூபாய் போட வேண்டும். 2,500 கடனைக் குறைத்திருக்கிறது. உண்மையில் செலவானது 840தான். கைக்கு வந்ததை மட்டும் எழுதும் வீட்டுக்கு, தோட்டம் தன் பங்கைக் கட்டாமல் விட்ட மாதம் எது என்று ஒருநாளும் தெரியவராது. முற்பணம் எத்தனை மாதம் வெட்டப்பட்டது என்பதற்கும் வேலைப் பதிவேடான செக்ரோலை வைத்திருப்பவர் சொல்வதே வேதவாக்கு.

மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் இது இன்னும் கூர்மையானது. விதைக் கிழங்கும் பசளையும் மருந்தும் கடனில் வரும், கரட்டும் லீக்ஸும் விற்ற பிறகு கணக்குத் தீரும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் தளர்த்தினார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் ஒரே மூட்டைக்குப் பல விலை. ‘பசளைக் கடை 85,000’ என்ற ஒற்றை வரியோடு புதிய மென்பொருளுக்குப் போனவரால், எத்தனை மூட்டை பழைய விலை, எத்தனை புதிய விலை என்று கடைக்காரரிடம் பேசவே முடியாது. வரிகளைக் கொண்டுபோனவர் பேசலாம். சீட்டுப் பிடிப்பதும் இப்படித்தான். கட்டிய மாதங்கள், எடுத்த மாதம், கழிவு மூன்றும் தெரியாவிட்டால் அது சொத்தா கடனா என்றே சொல்ல முடியாது.

அப்படியானால் எதற்கு மாறுவது என்ற முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது: கடனை முன்வரிசையில் வைக்கும் மென்பொருளுக்கு. ‘மணி’யிலும் அதைப் போன்ற ‘குவிக்கனி’லும் கடன் கணக்குத் திறக்கலாம், ஒரு சம்பளத்தைப் பல பங்காகப் பிரித்தும் எழுதலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் 1998இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ‘குனூகாஷ்’ இரட்டைப் பதிவு முறையிலேயே கட்டப்பட்டது. மேலே சொன்ன 27,000 ரூபாயை அதில் எழுதும்போது எல்லாப் பங்குகளும் கூடி மொத்தத்துக்குச் சமனாக வேண்டும். இல்லாவிட்டால் மிச்சத்தை மறைக்காமல் ‘சமநிலையின்மை’ என்றொரு கணக்கில் கொண்டுபோய் வைக்கும். 840இல் 150 ரூபாய் எதற்கு வெட்டினார்கள் என்று தெரியவில்லையா, அந்த 150 அங்கே நின்று தினமும் முகத்தில் முழிக்கும். எனக்கு இந்த மென்பொருளில் பிடித்ததே இந்தப் பிடிவாதந்தான்.

இரட்டைப் பதிவு கணக்காளர்களுக்கு உரியது, வீட்டுக்கு எதற்கு என்பார்கள். லூகா பாச்சோலி 1494இல் வெனிஸ் வணிகர்களின் இந்த முறையை அச்சில் ஏற்றியபோது கணினியும் இல்லை, பட்டயக் கணக்காளரும் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு காட்டியதையும் எழுதியதையும் மனதுக்குள் ஒப்பிட்டு வைத்துக்கொள்ளும் பெண்களுக்கு, ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதிச் சரிபார்க்கும் யோசனை அந்நியமானதல்ல. பழக ஒரு மாதம் பிடிக்கும், அது உண்மை.

கொப்பியே போதுமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். ஒழுங்காக எழுதப்பட்ட கொப்பி, ஒழுங்கில்லாத கணினிக் கணக்கைவிட மேலானது. கடைக்காரரின் கொப்பிதானே இன்றைக்கும் பாதி ஊரை நடத்துகிறது. ஆனால் ஆசிரியர் சம்பளம் ஒன்று, கொழும்பிலிருந்து வரும் மகனின் பணம், அடகில் இருக்கும் சங்கிலி, இரண்டு சீட்டு, ஒரு மரக்கறிப் பாத்தி என்று ஐந்தாறு இடத்தில் பணம் நிற்கும் வீட்டுக்குக் கொப்பியில் கூட்டல் பிந்திவிடும். போன் செயலிகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ‘வைநாப்’ வருடத்துக்கு 109 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் 32,700 ரூபாய், அதாவது 1,350 ரூபாய்ப்படி இருபத்துநான்கு நாள் கொழுந்து. செலவைக் கட்டுப்படுத்த அவ்வளவு செலவழிப்பவர் கணக்கை எங்கிருந்து தொடங்குவாரோ!

பழைய விபரங்களை விட்டுவிட்டால் போன வருடத்தோடு ஒப்பிட முடியாதே என்ற கவலையும் உண்டு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கி நின்றது. 2019இன் அரிசிச் செலவை இன்றைய செலவுக்குப் பக்கத்தில் வைத்து ஒருவர் கற்றுக்கொள்ளக்கூடியது மிகக் குறைவு. பழையதை ஒருமுறை அச்செடுத்தோ பிடிஎப் ஆக்கியோ பென்டிரைவில் போட்டு வைத்தால் போதும்.

கொண்டுபோகும் வரிகளிலும் இரண்டு பொறிகள் உண்டு. ‘மணி’ வெளியே தரும் கியூஐஎப் கோப்பில் நாள் முதலா மாதம் முதலா என்று குறிப்பு இராது. 13ஆம் திகதியிலிருந்து குழப்பம் வராது, ஆனால் 04/05 என்பது மே 4 ஆகவும் வரலாம், ஏப்ரல் 5 ஆகவும் வரலாம். சந்தேகம் வந்தால் ‘குனூகாஷ்’ கேட்கும், அவசரத்தில் ‘சரி’யை அழுத்தாமல் இருந்தால் தப்பலாம். தவணைக் கடனில் ஒரு மாதம் தவறுவது சின்ன விஷயமில்லை. இன்னொன்று எழுத்து. நம்மவர் பலர் பாமினியில் தட்டியிருப்பார்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துக்கள், புதிய மென்பொருளில் கடைக்காரரின் பெயர் வாயில் நுழையாத எழுத்துக் குவியலாக வரும். முதலில் யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எந்த நாளில் மாறுவது? சனவரி முதலாம் திகதியில் எந்தப் புனிதமும் இல்லை. நிலுவை மிகக் குறைவாக இருக்கும் நாளே நல்ல நாள். தோட்டத்து வீட்டுக்கு முற்பணத்தின் கடைசித் தவணை வெட்டிய சம்பளத்துக்கு மறுநாள், மரக்கறி வீட்டுக்கு ஒரு போகம் விற்று அடுத்த விதைப்புக்குக் கடன் எடுக்கும் முன். அன்று கடைக்குப் போய்ப் புத்தகத்தை ஒத்துப் பார்க்க வேண்டும். கடையில் 46,000 என்றும் வீட்டில் 43,500 என்றும் இருந்தால், சமாதானத்துக்காகக் கடைக்காரரின் தொகையை எழுதிவிட வேண்டாம். 43,500ஐப் பசளைக் கடன் என்றும், 2,500ஐத் ‘தீராத வித்தியாசம்’ என்று தனிக் கணக்காகவும் எழுதி, இரண்டு பேருடைய வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பார்க்கலாம். எந்த மூட்டையில் அந்த 2,500 வந்தது என்பது அப்போது தெரியும்.