எது படைப்பு?

சென்ற ஆண்டு நம் பள்ளிக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற மாதிரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'தொழில் நகரம் ஓசூர்' என்று தங்க நிற எழுத்தில் பெயர் தாங்கி, தெர்மகோலில் எழுந்த ஆலைகளும், நடுவே ஒரு நெடுஞ்சாலையும், சுற்றிலும் மின்னும் சீரியல் பல்புகளுமாய் அது கண்ணைப் பறித்தது. பெற்றோர் பலர் அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். மேடையேறிப் பரிசுக் கோப்பையை வாங்கிய ஐவரும் நாங்களே. ஆனால் அந்த மாதிரியை நாங்கள் செய்யவில்லை. ஆளுக்கு 300 ரூபாய் போட்டு, பேருந்தில் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிச் சென்று, பெங்களூரில் ஒரு கடையில் வாங்கி வந்தோம். பெயர்ப்பலகையை மட்டும் நாங்கள் ஒட்டினோம். அதுவும் கோணல்.

கண்காட்சியின் தலைப்பு 'படைப்பாற்றல்' என்பதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு முகம் சிவக்கிறது.

அன்று பார்வையிட வந்த அருட்சகோதரி ஒருவர், "எல்லா விளக்கும் எரிகிறது, இந்த மூலையில் மட்டும் ஏன் எரியவில்லை?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "மின்சாரம் சரியாக வரவில்லை, சிஸ்டர்" என்றாள் எங்களில் ஒருத்தி. மின்சாரம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. செய்தவனுக்குத்தானே பழுது தெரியும்? எங்களுக்கு எப்படித் தெரியும்?

எங்களுக்கு அடுத்த மேசையில் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி நின்றிருந்தாள். அவள் முன்னால் பழைய ஹவாய் செருப்பின் துண்டு ஒன்று, சைக்கிள் ட்யூப் பட்டை ஒன்று, ஒரு கட்டு ரோஜாக் காம்புகள். அவ்வளவுதான். அதன் அருகே வெகுநேரம் யாரும் நிற்கவில்லை. அவளுடைய அம்மா ரோஜாப் பண்ணையில் வேலை செய்பவர். நம் வட்டாரத்து ரோஜாக்கள் பிப்ரவரி மாதத்தில் வெளிநாடுகளுக்குப் பறப்பது நமக்கெல்லாம் பெருமை. அந்தக் காலத்தில் நாள் முழுதும் முள் நீக்கி நீக்கி அந்த அம்மாவின் விரல்கள் கிழிந்திருக்குமாம். இரவில் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் உண்பாராம். அதைப் பார்த்த மகள், செருப்புத் துண்டில் ஒரு பிளவு வெட்டி, உள்ளே ட்யூப் பட்டை ஒட்டி, காம்பை அதில் வைத்து இழுத்தால் முள் மட்டும் விழும்படி ஒன்று செய்திருந்தாள்.

"முதல்ல செஞ்சது தோலையும் சேத்து உரிச்சிடுச்சுக்கா. பூவைக் கழிச்சுட்டாங்க. அம்மா என்னைத் திட்டினாங்க. மூணாவது தடவைதான் பிளவோட அகலம் சரியா வந்துச்சு" என்றாள். அவளுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது.

அன்று மாலை கோப்பையோடு தோழி ஒருத்தியின் இல்லத்திற்குச் சென்றோம். அவள் தந்தையார் கடிகாரத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. தம் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அது டைட்டன் எட்ஜ். 2002-ஆம் ஆண்டு வெளிவந்தது. நம் ஓசூரில் உருவானது. முழுக் கடிகாரத்தின் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தைவிட மெல்லிய அந்த இடத்தில் பற்சக்கரங்களும், மின்சுருளும், பேட்டரியும் அடங்கியிருக்கின்றன. பலகாரத்தை அடுக்குவதுபோல் சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வழியில்லை. பக்கம் பக்கமாகப் பரப்ப வேண்டும். தகட்டை மெலிதாக்கினால் வளைந்துவிடும். முட்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். இவ்வளவும் போதாதென்று நீரும் புகக் கூடாது: 30 மீட்டர் ஆழத்து அழுத்தம் தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். பல ஆண்டு உழைப்பு அது.

"இடம் தாராளமா இருந்தா யார் வேணும்னாலும் செய்வாங்கம்மா. இடமே இல்லைன்னு சொன்னப்பதான் மூளை வேலை செஞ்சது" என்றார் அவர்.

இதை நாங்கள் வெகுநாள் யோசித்தோம். படைப்பாற்றல் என்றால் கட்டின்றித் திரிவது, கவிதை எழுதுவது, வண்ணம் தீட்டுவது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். கடிகாரக்காரர்களுக்கு மில்லிமீட்டர் தடையாக நின்றது. ரோஜாத் தங்கைக்குக் காம்பின் தோல் தடையாக நின்றது. அந்தத் தடையோடு மல்லுக்கட்டிய இடத்தில்தான் புதியது பிறந்திருக்கிறது. எங்கள் தெர்மகோல் நகருக்குத் தடையே இல்லை. ஏனெனில் அதனால் யாருக்கும் எதுவும் ஆகவேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் நடக்கும்போதுகூட எங்கள் கண் மாறிவிட்டது. 1980-இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50, இருவர் அமர்ந்து செல்லக்கூடிய நம் நாட்டின் முதல் மொபெட் என்பது பெருமைதான். அதைவிட, அந்த வண்டியின் முன்புறக் காலியிடத்தில் நம்மவர்கள் பால் கேனையும், புல்லுக்கட்டையும், மாங்காய் மூட்டையையும் வைத்துக் கட்டும் வித்தையைப் பாருங்கள்! எந்தப் பொறியாளர் அதற்குப் படம் வரைந்து கொடுத்தார்?

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிப்காட்டில் வேலைக்குப் போகும் அக்காமார் எல்லாருக்கும் யோசிக்க இடம் கிடைப்பதில்லை. எட்டு மணி நேரம் ஒரே திருகாணியை முடுக்கிவிட்டு வரும் ஒரு அக்காவிடம் போய், 'உங்கள் வேலையிலும் படைப்பாற்றல் இருக்கிறது' என்று நாங்கள் சொன்னால், அவர் சிரிப்பார்; அல்லது அழுவார். ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1951-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் முறையைத் தொடங்கியதாம். கேட்பவர் இருந்தால்தானே சொல்பவர் வாய் திறப்பார்?

கேட்க ஆளில்லாதபோது தாமே வழி செய்துகொண்டவர்களும் நம் அருகிலேயே இருக்கிறார்கள். 1990-களில் ஓசூரைச் சுற்றியுள்ள கிராமப் பெண்கள் மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு குழுவாகச் சேர்ந்து, டைட்டன் கடிகாரங்களின் உலோகப் பட்டைக்குக் கண்ணி கோக்கும் வேலையை எடுத்துச் செய்தார்கள். கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதோடு நிற்காமல், 'மெடோ' என்ற பெயரில் தாங்களே பங்குதாரர்களாக ஒரு நிறுவனம் அமைத்துக்கொண்டார்கள். அதுவரை கையெழுத்துப் போடும் இடத்தில் கணவரையோ தந்தையையோ நிறுத்திப் பழகிய வீடுகள் எத்தனையோ! கண்ணி கோத்தது அவர்கள் வேலை. தம் நிலையை மாற்றி அமைத்தது, எங்கள் எண்ணத்தில், அந்த மெல்லிய கடிகாரத்துக்கு நிகரான படைப்பு.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். கோப்பை இன்னும் வகுப்பறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதில் எங்கள் ஐவர் பெயரும் இருக்கிறது. ஓராண்டாகத் தலைமைச் சகோதரியிடம் சொல்லத் துணிவு வரவில்லை. இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக் குழுவிடம் கொடுப்பதற்கு முந்திய நாள் ஐவரும் அவர் அறைக்குச் சென்று சொல்லிவிட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எழுதியதை அப்படியே கொடுங்கள். கோப்பையைப் பற்றி நாளை பேசுவோம்" என்றார். அந்த 'நாளை' இதை எழுதி முடிக்கும்வரை வரவில்லை.

ரோஜாத் தங்கையின் கருவி இரண்டு நாளில் ட்யூப் கிழிந்து போகிறதாம். அவள் அம்மாவோடு வேலை செய்யும் மற்றப் பெண்களும் கேட்கிறார்களாம். சனிக்கிழமை மாலைகளில் அவள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாங்களும் வெட்டிக் கொடுக்கிறோம். சென்ற வாரம் பத்துத் துண்டு வெட்டினோம். ஆறு தேறவில்லை. பிளவு அகலமாகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டாள்.