இரண்டாம் சொம்பின் தீர்ப்பு: பெரம்பலூர், அரியலூர் கூழ்க் குறிப்புகள்

பங்குனி, கடைசி வெள்ளி. பெரம்பலூர்.

போதை குறைந்த பானத்தைச் சுவைத்துத் தரம் பிரிப்பது, போதை மிகுந்ததைத் தரம் பிரிப்பதைவிடக் கடினமான வேலை என்பதற்கு இங்கிலாந்தின் 'மைல்டு' ஏல் நல்ல சான்று. ஏல் என்பது ஈஸ்ட்டை ஓரளவு வெதுவெதுப்பான நிலையில் வேலை செய்யவிட்டுப் புளிக்கவைக்கும் பீர் வகை. அதிலும் மைல்டு எனப்படுவது, பெரும்பாலும் கரும்பழுப்பு நிறமும் 3 முதல் 3.8 சதவீதம் ஆல்கஹாலும் கொண்டு, கசப்பூட்டும் ஹாப் பூவை அடக்கி வைத்து, முளைகட்டி வறுத்த பார்லியின் மணத்தை முன்னிறுத்துவது. அந்தச் சரக்கைப் பெரம்பலூரிலோ அரியலூரிலோ தேடுவது வீண். இந்திய விதிகள் 'மைல்டு' என வகைப்படுத்துவது 5 சதவீதம் வரை செல்லும் பீரை, அதுவும் பெரும்பாலும் லாகர். கள்ளோ 1987 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கிறது. பதநீர் புளிக்கக் கூடாது என்பதற்காகவே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுகிறது. ஆகவே புளிப்பு ஏறியும் போதை ஏறாமல், வெயிலில் உழைப்பவர்கள் சொம்பு சொம்பாகக் குடிக்கும் பானம் என்று இம்மாவட்டங்களில் தேடினால் கைக்குக் கிடைப்பது கம்பங்கூழ்தான். மைல்டு ஏலுக்கான அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

அமெரிக்காவில் 1985-இல் தொடங்கப்பட்ட பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் பயன்படுத்தும் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரப்படும் திண்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. கூழை அறிந்தவர் எவரும் இந்தப் பங்கீட்டைப் பார்த்த மாத்திரத்தில் திண்மைக்கு ஐந்துதானா என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது என்பது சித்திரை பிறந்ததும் தெரிந்துவிடுகிறது.

சித்திரை, முதல் வாரம். பெரம்பலூருக்கு மேற்கே.

மானாவாரி மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பெருகிவிட்ட மண்ணில் கம்பு ஓரங்கட்டப்பட்டுவிட்டாலும், கூழுக்குத் தேவையான அளவு சந்தையில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சாலையோரத்தில் கூழ் விற்கும் ஒரு குடும்பத்தின் வீட்டில் அது பக்குவமாகும் முறை பின்வருமாறு. கம்பின் மேல் தண்ணீர் தெளித்துப் பிசறிச் சிறிது நேரம் வைத்து, உரலில் உலக்கையால் குத்தி, புடைத்து உமி நீக்கி, மறுபடி குத்திக் குருணையாக்குகிறார்கள். சல்லடையில் இறங்கும் மாவு தனியாகவும் மேலே நிற்கும் நொய் தனியாகவும் பிரிய, மாவை இரவே தண்ணீரில் கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யைக் கொதிக்கவைத்து அரைவேக்காட்டில் கரைசலை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டி இறக்குகிறார்கள். கை தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதம்தான் இறக்கும் பதம். ஆறிய களியை உருண்டை பிடித்து மண்பானைத் தண்ணீரில் போட்டு வைக்க, இன்னொரு இரவு கழிகிறது. மூன்றாம் நாள் காலையில் அதுவே உப்பும் மோரும் சேர்த்துக் கரைக்கப்பட்டுக் கடைக்குப் போகிறது.

இந்த இரண்டு இரவுகளில் நடப்பது பெரும்பாலும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களின் வேலை. அவற்றுள் சில வகைகள் மாவுச்சத்திலிருந்து பிரியும் சர்க்கரையை அமிலமாக மாற்றுவதோடு நில்லாமல், கரியமில வாயுவையும் மிகச் சிறிதளவு எத்தனாலையும் விடுவிப்பதால்தான், நன்றாகப் புளித்த பானையின் நீராகாரம் நாக்கின் நுனியில் மெல்லச் சுறுசுறுக்கிறது. 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதையே இந்திய உணவு விதிகள் மதுபானம் எனக் கொள்கின்றன என்பதால் கூழைக் கண்டு யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. சமைப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என இரட்டைப் புளிப்பு ஏறுவது, புளிப்புக்கு ஒற்றைத் தன்மை வராமல் காக்கிறது: முதலாவது ஆழமாகவும் தானிய வாசத்தோடும் கலந்து நிற்க, இரண்டாவது மேலோட்டமாகவும் கூர்மையாகவும் எழுகிறது. இந்த அடுக்கு தெரியும் கூழுக்குச் சுவைப்பகுதியில் பாதி மதிப்பெண்ணைத் தயங்காமல் தரலாம்.

சித்திரை, பௌர்ணமிக்குப் பின். அரியலூர்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி; கிரெட்டேசியக் காலத்தில் கடலடியாகக் கிடந்த மண் இது. அந்தக் கல்லைத் தோண்டிச் சிமெண்டாக்கும் ஆலைகளுக்குப் போய்வரும் லாரிகளின் புழுதிதான் இன்று ஊரின் முதல் அடையாளம். இங்குள்ள பல கிணற்று நீரில் பருப்பு எளிதில் வேகாது; கால்சியம் கார்பனேட் கரைந்த கடின நீர் அது. பீர் காய்ச்சுவோர் நீரின் இந்தக் குணத்தை மிக நுட்பமாகக் கவனிப்பார்கள்: ஜிப்சம் மிகுந்த பர்ட்டன் நகர நீர் கசப்பான பேல் ஏலுக்குப் பேர்போனதும், கார்பனேட் மிகுந்த லண்டன் நீர் கருமையான பீர்களுக்கு ஒத்துவந்ததும் இதனால்தான், வறுத்த தானியத்தின் இயல்பான அமிலம் அந்நீரின் காரத்தை ஈடுகட்டிவிடுகிறது. கூழிலும் கணக்கு அதுவே. கார்பனேட் நீர் லாக்டிக் அமிலத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால், அதே நேரம் புளித்த கூழாயினும் கிணற்று நீரில் கரைத்தது சற்று மந்தமாகவும், கேன் தண்ணீரில் கரைத்தது வெடுக்கென்றும் இருக்கக் காண்கிறோம். கேன் தண்ணீரே உயர்ந்தது என்று கடைக்காரர்கள் நம்புவது ஏற்கத்தக்கதன்று. மந்தமான புளிப்பே பகல் முழுக்கக் குடிக்க ஏற்றது.

மைல்டின் வரலாறும் இதையே காட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அது இன்றைய அளவுக்கு வீரியம் குறைந்ததாக இருக்கவில்லை. முதல் உலகப்போரின்போது தானியத் தட்டுப்பாடும் வரியும் கட்டுப்பாடும் சேர்ந்து பீரின் வீரியத்தைக் குறைத்தன. குறைந்தபடியே அது சுரங்கத்திலும் உலைக்கூடத்திலும் வியர்வை சிந்திய மிட்லண்ட்ஸ் தொழிலாளர்களின் பானமாக நிலைத்து, 1950-களுக்குப் பிறகே 'பிட்டர்' வகைக்கு இடம் விட்டது. கல்குவாரியிலிருந்து வரும் லாரி ஓட்டுநர் கூழ்க்கடையில் வண்டியை ஓரங்கட்டுவதும் அதே தேவையால்தான்: உப்பும் நீரும் கொஞ்சம் மாவுச்சத்தும் உடம்புக்குள் போக வேண்டும், தலை மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

கத்திரி, உச்சிவேளை. பெரம்பலூர், நான்குவழிச்சாலை.

போட்டிகளில் நடுவர் ஒவ்வொரு பானத்தையும் சில மடக்குகள் மட்டுமே அருந்துகிறார் என்பதும், அந்தச் சில மடக்கில் உரத்துப் பேசும் பானமே கவனத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் மைல்டை நேசிப்போரின் நெடுநாள் மனக்குறை. அப்படியிருந்தும் 3.2 சதவீதம் மட்டுமே கொண்ட ஹாப்சன்ஸ் மைல்டு 2007-இல் பிரிட்டனின் தலைசிறந்த பீராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வீரியம் மிக்க பானத்தில் ஆல்கஹாலின் சூடும் இனிப்பும் குறைகளை மூடிவிடும். மெலிந்த பானத்தில் மூட எதுவும் இல்லை.

கம்பங்கூழில் அவ்வாறு வெளிப்பட்டு நிற்கும் குறைகளுள் முதன்மையானது காறல். கம்பில் பிற சிறுதானியங்களைவிடக் கொழுப்பு அதிகம். மாவாக்கிய உடனேயே லைப்பேஸ் என்னும் நொதி அக்கொழுப்பை உடைக்கத் தொடங்குவதால், சில நாள் கிடந்த மாவில் சிக்குவாடையும் தொண்டையில் கசப்பும் வந்துவிடுகின்றன. பாக்கெட் மாவில் செய்த கூழ் முதல் மடக்கில் இதைக் காட்டிக்கொள்வதில்லை. மோரும் கடித்துக்கொள்ளும் மோர்மிளகாயும் மறைத்துவிடுகின்றன. இரண்டாம் சொம்பின் நடுவில், தொடுகறி தீர்ந்த பிறகு, அது தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த குறை அடிபிடித்த வாடை. அதற்கடுத்தது வினிகர்போல மூக்கில் ஏறும் புளிப்பு, பானையைக் கழுவி வெயிலில் காயவைக்காததன் விளைவு. ஐஸ் போட்டு விற்பது குறையைத் திருத்துவதன்று, நாக்கை மரத்துப்போகச் செய்வது மட்டுமே. ஈரத்துணி சுற்றிய மண்பானையின் குளிர்ச்சியில் மணம் உயிரோடு இருக்கிறது.

திண்மைக்கு ஐந்து மதிப்பெண் போதாது என்பதும் இங்கேதான் உறுதிப்படுகிறது. ஆல்கஹால் குறைந்த மைல்டு தண்ணீராகத் தோன்றாதிருக்க, பார்லியை ஊறவைக்கும் நீரின் வெப்பத்தைச் சற்று உயர்த்தி, ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின் என்னும் நீள்சர்க்கரைகளை மிச்சம் வைப்பார்கள். கூழில் அந்த வேலையைச் செய்வது வெந்து குழைந்த மாவும், குழையாமல் நின்ற நொய்யும். மாவு மட்டும் இருந்தால் வழவழப்பு மிஞ்சுகிறது. நொய் மிகுந்தால் குடிப்பதை நிறுத்தி மெல்ல வேண்டியிருக்கிறது. மடக்குக்குச் சில நொய் மட்டும் பல்லில் தட்டும் பக்குவமே சிறந்தது. ஆகவே இக்குறிப்புகளில் திண்மைக்கு 15 மதிப்பெண்ணும், சுவைக்கு 15-ம், மணத்துக்கு 7-ம், தோற்றத்துக்கு 3-ம் ஒதுக்கப்பட்டு, மீதி 10 இரண்டாம் சொம்பு முழுவதும் முடிந்த பிறகே போடப்பட்டன.

ஆடி, இரண்டாம் ஞாயிறு. அரியலூர் மாவட்டக் கிராமம்.

மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். வீட்டுக்கு வீடு வந்த கேழ்வரகுக் கூழ் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கப்படுவதால், தனித்தனிப் பக்குவங்கள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்கின்றன. ஒரு வீட்டின் அதிகப் புளிப்பு இன்னொரு வீட்டின் சப்பைத்தன்மையில் கரைந்துவிடுகிறது. நிறத்தில் இது மைல்டுக்குக் கம்பங்கூழைவிட நெருக்கம். கொழுப்பு குறைந்த கேழ்வரகில் காறலும் அவ்வளவாகத் தலைகாட்டாது. புதிய பங்கீட்டின்படி 50-க்கு 34. நெடுஞ்சாலையோரத்தில், வீட்டிலேயே குத்திய கம்பில் கரைத்த பானைக்குக் கத்திரியில் போட்ட 41-ஐ அது எட்டவில்லை. குறைந்ததில் பெரும்பகுதி திண்மையில்தான், ஏனெனில் வரிசை நீள நீள அண்டாவில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தது. முதலில் நின்றவருக்கும் கடைசியில் நின்றவருக்கும் கிடைத்தது ஒரே கூழ் அன்று என்பதால், அடுத்த ஆடியில் அண்டாவின் தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனி மாதிரிகளாகவே எடுக்க வேண்டும்.