மணிலாவில் முதல் நாள்

நம் தென்னார்க்காட்டுப் பகுதியில் வேர்க்கடலையை 'மணிலா' என்றே அழைப்பர். சிற்றலை வானொலியில் ஆசிய வேரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்டு வளர்ந்தோருக்கும் அப்பெயர் புதிதன்று. 2018 வரை அவ்வொலி நம் இல்லங்களை எட்டியது. ஆயினும், அப்பெயருக்குரிய மாநகரில் நாமும் ஒருநாள் கால்வைப்போம் என்று கனவிலும் கருதியதில்லை. அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை அவ்வாய்ப்புக் கிட்டியது.

"கூட்டம் மிகுந்த ஊர், பையில் கை இருக்கட்டும்" என்று புறப்படுமுன் பலரும் எச்சரித்திருந்தனர். பெட்டியை விடுதியில் இறக்கி வைத்தோம். அவ்வெச்சரிக்கையை மட்டும் இறக்கி வைக்கவில்லை. அதைச் சுமந்தவாறே கியாப்போ ஆலயத்துக்குப் புறப்பட்டோம்.

சாலையெங்கும் வாகன வெள்ளம். அவற்றுள் முதலில் கண்ணைக் கவர்ந்தவை 'ஜீப்னி' எனப்படும் வண்டிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, இருமருங்கும் இருக்கை அமைத்து, இந்நாட்டு மக்கள் பயணிகள் வண்டியாக்கினர். அவற்றின் வழிவந்தவையே இவை. மேனியெல்லாம் வண்ண ஓவியம். ஓட்டுநர் முன் தொங்கும் செபமாலை. பின்புறமாக ஏறிப் பயணிகள் எதிரெதிரே முழங்கால் உரச அமர்கின்றனர். நடத்துநர் இல்லை.

பின்கோடியில் நமக்கு இடம் கிடைத்தது. கட்டணத்துக்கென ஒரு நோட்டை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று விழித்துக் கொண்டிருந்தோம். பக்கத்திலிருந்த இளைஞன் கைநீட்டி அதைச் சட்டென்று வாங்கிக் கொண்டான். நெஞ்சு திடுக்கிட்டது. "ஏய்!" என்று குரல் எழுப்பியே விட்டோம். வண்டியில் இருந்தோர் திரும்பிப் பார்த்தனர். அவனோ ஒன்றும் கூறாமல் நோட்டை அடுத்தவரிடம் கொடுத்தான், அவர் ஒரு மூதாட்டியிடம், மூதாட்டி ஒரு பள்ளிச் சிறுமியிடம், சிறுமி ஓட்டுநரிடம். சற்று நேரத்தில் மீதிச் சில்லறை அதே வழியே கைமாறிக் கைமாறி, ஒரு நாணயமும் குறையாமல் நம் உள்ளங்கையை வந்தடைந்தது.

நாணித் தலைகவிழ்ந்தோம். இவ்வழக்கம் நமக்குப் புதிதா? நம் ஊர்ப் பேருந்தில் நெரிசலின்போது நாம் நீட்டும் காசு பத்துப் பேர் கைமாறி நடத்துநரிடம் சென்று, சீட்டும் சில்லறையுமாகத் திரும்புவதில்லையா? அங்கே ஐயுறாத நாம் இங்கே ஐயுற்றது ஏன்? முகமும் மொழியும் வேறு என்பதன்றி வேறு காரணம் காணோம்.

இறங்கவேண்டிய இடம் வந்ததும் "கியாப்போ" என்று சொல்லி, ஆலயம் இருக்கும் திசையைக் காட்டியவனும் அவ்விளைஞனே. மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் வண்டி நகர்ந்துவிட்டது.

ஆலய வாயிலில் சிறுவர் 'சம்பகீத்தா' மாலை விற்றனர். முகர்ந்தால் நம் ஊர் மல்லிகையேதான்! அதுவே இந்நாட்டின் தேசிய மலராம். உள்ளே திரளான மக்கள். வாயிலிலிருந்து பீடம்வரை முழங்காலால் நடந்து செல்லும் தாய்மார் சிலரையும் கண்டோம். அவர்கள் நோக்கிச் செல்வது, சிலுவை சுமக்கும் கருமேனி இயேசுவின் சுரூபம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்சிகோவிலிருந்து கடல்கடந்து வந்த சுரூபம் அது. ஆண்டுதோறும் சனவரி 9-ஆம் நாள் அதைச் சூழ்ந்து இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் பவனி செல்கின்றனர். வெள்ளிக்கிழமைகளில் இங்குக் கூட்டம் சொல்லி முடியாது.

அக்கூட்டத்தின் நடுவே நாமும் முழந்தாளிட்டோம். இயேசுவின் தோளிலிருந்த சிலுவை, சீரேனே ஊர்ச் சீமோனை நினைவூட்டியது. எருசலேம் நகருக்கு அவரும் வெளியூராரே. ஆண்டவரின் பாரத்தைத் தாங்க நீண்ட கை ஓர் அந்நியரின் கையன்றோ! இளைஞனிடம் கேட்க இயலாத மன்னிப்பை அங்கே கேட்டுக் கொண்டோம்.

பிழைப்புக்காகத் தொலைமாநிலங்களிலிருந்து நம் ஊர்களுக்கு வருவோர் இன்று பலர். ஞாயிறு திருப்பலியில் ஆலயத்தின் பின்வரிசையில் அவர்களுள் சிலர் தயங்கி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். ஊர் திரும்பிய பின் வந்த முதல் ஞாயிறன்று, நாம் அமரும் விசுப்பலகையில் சற்று நகர்ந்து இடம்விட்டோம். ஒருவர் வந்து அமர்ந்தார்.