தெற்கு சூடானுக்குத் திரும்பும் தங்கைக்கு

கம்பைநல்லூர்

அன்புள்ள பாப்பா,

பென்டியு முகாமில் இருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னதும் நான் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்று கோபமாமே. பேசினால் அழுதிருப்பேன். அக்காவுக்கு இஷ்டமில்லை என்று நீ முடிவே கட்டியிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். போய் வா. எனக்குச் சம்மதம்தான். ஆனால் ஜூலையில் வேண்டாம்.

போன வருஷம் மொரப்பூர் ஸ்டேஷனில் நீ இறங்கியபோது மாமாவுக்கு உன்னை அடையாளமே தெரியவில்லை. முகாமில் அத்தனை பேருக்கு டி.பி. மருந்து கொடுத்தவளுக்கே டி.பி. ஆறு மாசம் ஒரு நாள் விடாமல் மாத்திரை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது என்று அம்மா பதறியதும், அது மாத்திரையின் நிறம் என்று படுத்தபடியே நீ பாடம் நடத்தியதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கியவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து, தட்டு டம்ளரால் இது பரவாது என்று சொன்னாயே, அதைக் கேட்டுத்தான் மேலத்தெருப் பெரியவர் சளிப் பரிசோதனைக்குப் போனார். மாசக்கணக்காக இருமிக்கொண்டிருந்தவர். மருந்து ஆரம்பித்து இப்போது நன்றாகத் தேறிவிட்டார். உன்னைக் கேட்காத நாளில்லை.

இங்கேயே இவ்வளவு வேலை இருக்க, சிட்லிங்கி மலைப்பக்கம் போகக்கூடாதா என்கிறாள் அம்மா. ரெஜி டாக்டரும் லலிதா டாக்டரும் 1993-இல் குடிசை போட்டு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அரூரைத் தாண்டினால் வந்துவிடும், பிள்ளை பக்கத்திலேயே இருப்பாள் என்பது அவள் கணக்கு. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பென்டியுவில் வெள்ளத்துக்கு நடுவே மண்கரை கட்டிக்கொண்டு வாழ்கிற அந்த ஜனங்களைப் பற்றிப் பேசும்போது உன் குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன். உன்னைத் தடுத்து உட்கார வைத்தால் உடம்பு தேறும், நீ தேறமாட்டாய்.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி நர்சிங் படிக்கும்போது நீதான் எனக்குச் சொன்னாய். 1893-இல் ஜப்பானுக்குப் போய், பதினைந்து மாசத்திலேயே உடம்பு உடைந்து ஊர் திரும்பினார். அதோடு முடிந்தது என்று நினைக்காமல் 1895-இல் பெங்களூர் வந்தார். அப்புறம்தான் டோனாவூர், அத்தனை குழந்தைகளை வளர்த்தது எல்லாம். நோயில் படுத்திருந்தபோது இந்தக் கதையைத்தான் நீ பிடித்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாப்பா, வந்தவர் 1951-இல் சாகும்வரை ஐம்பத்தைந்து வருஷமாக ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குப் போகவில்லை. அதை மட்டும் அவரிடம் கற்றுக்கொள்ளாதே. வருஷத்துக்கு ஒருமுறை நீ வந்து அம்மா கையால் களி தின்றே ஆக வேண்டும்.

ஜூலை ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? மருந்து முடிந்தது ஜனவரியில். முடிந்த பிறகும் 6, 12, 18, 24 மாசங்களில் பார்க்க வேண்டும் என்று நீதானே மற்றவர்களுக்குச் சொல்வாய்? முதல் பரிசோதனையே ஜூலையில்தான் வருகிறது. அங்கே மழையும் அப்போதுதான். மண் ஓடுதளம் சேறாகிவிட்டால் விமானம் இறங்காது என்றாய். உனக்கு மறுபடி ஏதாவது என்றால் எப்படி வெளியே கொண்டுவருவார்கள்? இதை நினைத்தால் எனக்கு ராத்திரித் தூக்கம் போகிறது. மழை விட்டதும் நவம்பரில் போ. அவர்களிடம் கேள், கேட்பதில் வெட்கமில்லை.

இன்னொன்று. சித்திரையில் வந்தபோது கோயிலை ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாய். புடவையைச் சரிசெய்கிற மாதிரி நடித்தாயே, நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? மூச்சு வாங்கினால் வாங்குகிறது என்று பென்டியு டாக்டர்களிடம் சொல்லு. ராத்திரி வார்டு வேண்டாம், முதல் சில மாசம் அங்குள்ள பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை கேள். நீ பழையபடி ஓடி ஓடிச் செய்ய வேண்டியதில்லை. உனக்குத் தெரிந்ததைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அது வேலைதான்.

மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டு விற்றாச்சு, விலை சுமார்தான். புளி உனக்கென்று தனியாகக் கொட்டை நீக்கி வைத்திருக்கிறேன். ஜூலையில் எக்ஸ்ரே எடுத்த கையோடு கவரைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வா. வருகிற ரயிலைச் சொன்னால் மாமா மொரப்பூருக்கு வண்டி எடுத்து வருவார். அம்மாவிடம் நவம்பர் விஷயத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்தே சொல்லலாம்.

உன்
அக்கா